சின்னராசா சிறுகாரிலிருந்து இறங்கிய காதை

காவியம் செய்யப் புகுவோர் முதலில் பிள்ளையாரை வணங்குவது வழக்கம். இந்தக் காவியத்திலோ பிள்ளையார் நடுவிலே, முறிகண்டியில், தம் சொந்த இடத்திலிருந்தே நேரில் வரவிருக்கிறார். ஆகவே அவரை அங்கே கண்டுகொள்வோம். இப்போது நாயகனை வாழ்த்துவோம்.

கல்மடுக்குளத்து நீர்பாயும் கழனிகளின் காவலனே, காலபோகமும் சிறுபோகமும் கண்டு சலியாத கல்தோளனே, வேட்டியை வயிற்றுக்கு மேலே கட்டுவதா கீழே கட்டுவதா என்னும் பெருவினாவுக்கு இன்றளவும் விடைகாணாத திருவயிற்றினனே, பெருவாகனம் துறந்து சிறுகார் ஏறிய தியாகச் செம்மலே, தர்மபுரத்துச் சின்னராசாவே, வாழி. உன் புகழ் பாடும் எமக்கு மூச்சு முட்டாதிருக்கட்டும். வசனங்கள் நீளமானவை.

முன்னொரு காலத்தில், அதாவது போன மாதம்வரை, சின்னராசாவிடம் ஒரு பிக்கப் இருந்தது. மதகரி நிகர்த்த மேனியும், மாரிமுகில் நிகர்த்த முழக்கமும், குறுமுனி கடலைக் குடித்ததுபோல் டீசலைக் குடிக்கும் வற்றாத் தொண்டையும் உடையது அது. நெல் மூட்டை ஏற்றும் நாளில் மட்டுமே அது சின்னராசாவுடையது. மற்ற நாளெல்லாம் சொந்தபந்தங்களுடையது. செத்தவீட்டுக்கும் கலியாணவீட்டுக்கும், ஆஸ்பத்திரிக்கும் வற்றாப்பளை அம்மன் பொங்கலுக்கும் ஊரே அதில் ஏறிப் போய் ஊரே இறங்கி வந்தது. முன் இருக்கை எப்போதும் மூத்தவர்களுக்கு. வாகனத்துக்குரியவனின் வாழ்க்கைத் துணைவியாகிய கமலாசனி பின் இருக்கையின் நடுவிலே, இரண்டு பெரியம்மாமார் இரு கரையிலும் நெருக்க, யாரோ பெற்ற பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு காலமெல்லாம் பயணம் செய்தார். வன்னியிலே பிக்கப் வைத்திருப்பவர் வீட்டில் ‘இடமில்லை’ என்ற சொல் கிடையாது. பின்பெட்டி வானம் பார்த்துக் கிடக்கும்போது அதை யார் நம்புவார்கள்?

டீசல் விலை ஏறிக்கொண்டே போனது. டயரும் தேய்ந்தது. அப்போது குசினி வாசலில் நின்று கமலாசனி ஒரு ஆணை பிறப்பித்தார்: பிக்கப்பை விற்றுவிட்டுச் செலவு குறைந்த சின்னக் கார் ஒன்று எடுக்கவேண்டும். மூட்டை ஏற்ற வாடகை உழவு இயந்திரம் போதும். நியாயமான ஆணைதான்.

அவ்வாணையைத் தலைமேற்கொண்டு வவுனியா ஏகிய நாயகன், கார் விற்கும் முற்றத்தில் அடக்கமே உருவாய் அணிவகுத்து நின்ற வெள்ளைக் கார்களையும் சாம்பல் கார்களையும் ஒவ்வொன்றாய்த் தட்டிப் பார்த்து, கதவு திறந்து, கதவு சாத்தி, ஈற்றிலே அந்த மூலையில் செம்பருத்திச் சிவப்பில், இரண்டே கதவுகளோடு, பின்புறத்தில் செட்டைபோல ஒரு தகடு உயர்த்தி, பாயப் போகும் வேட்டைநாய்போல நிலத்தோடு ஒட்டிப் பதுங்கி நின்ற ஒன்றைக் கண்டார். கண்டவுடன் மற்றக் கார்கள் மறைந்தன, வவுனியா மறைந்தது, செலவுக் கணக்கும் மறைந்தது. எஞ்சின் சின்னது என்றார் விற்பவர். அது உண்மை. பெற்றோல் கொஞ்சமாகத்தான் குடிக்கும் என்றார். அதுவும் உண்மை. ஆனால் அவை எல்லாம் சாட்டு. சின்னராசாவுக்கு அதில் ஆசை வந்துவிட்டது, அவ்வளவுதான்.

வீட்டு முற்றத்தில் வந்து நின்றதும் அவர் முழங்கினார்: “இது பெற்றோலை மணந்து பாத்தாலே ஓடும்.”

கமலாசனி காரைச் சுற்றி ஒருமுறை நடந்தார். பின் இருக்கை என்ற பெயரில் ஒன்று இருந்தது. அதில் ஒரு பூசணிக்காயை வசதியாக உட்கார வைக்கலாம். சுற்றி முடித்ததும், தன் அண்ணன் மகள் சிவரூபிக்கு வவுனியாவில் நடக்கவிருந்த கலியாணத்தையே நீதிமன்றமாக்கி, இரண்டாவது ஆணையைப் பிறப்பித்தார்.

“கலியாணவீட்டுக்கு இதிலையே போவம். ஆக்கள் பாத்துச் சிரிச்சால் அடுத்த நாளே திருப்பிக் குடுத்திடோணும்.”

நாயகன் தலையசைத்தார். ஆனால் அவரிடம் ஒரு இரகசியம் இருந்தது. காருக்குள் போவது எளிது. மனம்விட்டு விழுந்தால் போதும். வெளியே வருவதுதான் போர். அந்தத் தாழ்ந்த இருக்கை, சேற்று வயல் காலைப் பிடிப்பதுபோல் அவரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். வீட்டிலே அவர் காரைக் கொய்யா மரத்தின் கீழேயே நிறுத்துவார்; ஒருவரும் பாராத வேளையில் தாழ்ந்த கொப்பொன்றைப் பற்றித் தொங்கி மேலெழுவார். கலியாண மண்டப வாசலில் கைகொடுத்து வரவேற்கப் பெண்ணின் தகப்பனாகிய மச்சான் நிற்பார், அந்தக் கையை இறுகப் பிடித்துக்கொள்ளலாம் என்று மனக்கணக்கும் போட்டிருந்தார். தோற்றால் கார் போய்விடும். போய்விடக் கூடாது என்று அவர் மெய்யாகவே ஆசைப்பட்டார்.

மணநாள் காலை, பட்டு வேட்டியர் சின்னராசாவும் கூறைப்பட்டுக் கமலாசனியும், பலகாரம் நிறைந்த தகர வாளியைப் பின் இருக்கையின் ஏக சக்கரவர்த்தியாக ஏற்றிவைத்து, பரந்தன் கடந்து, கிளிநொச்சி கடந்து, கண்டி வீதியிலே அம்பெனப் பாய்ந்தார்கள். கண்ணாடி இறக்கியிருந்தது. காற்றில் கொண்டைப் பூமாலை கலைந்ததைக் கமலாசனி கவனிக்கவில்லை. அவருக்கு இடப்பக்கத்தில் கதவு, வலப்பக்கத்தில் புருஷன், மடியில் ஒருவரும் இல்லை. முன் இருக்கையில் இருந்து வீதியைப் பார்ப்பது இப்படித்தான் இருக்குமா என்று கேட்டார். சின்னராசா வேகத்தைக் கொஞ்சம் குறைத்தார்.

அப்போதுதான் முறிகண்டி வந்தது.

அந்தோ, கெடுத்தாய் சின்னராசா. மண்டப வாசலை நினைத்தாய், மச்சானின் கையை நினைத்தாய், முறிகண்டியை மறந்தாயே. லொறியும் பஸ்ஸும், மோட்டார் சைக்கிளும் மணவாளனின் காரும், எத்தனை அவசரத்தில் வந்தாலும் நின்று, இறங்கி, கும்பிட்டு, வறுத்த கச்சான் கடலையும் வாங்கிக்கொண்டல்லவா அந்த இடத்தைக் கடக்கும். அங்கே கொய்யா மரம் இல்லை. இருந்ததோ கச்சான் கடை வரிசை, இரண்டு பஸ் நிறைந்த சனம், எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு நீல வான். அந்த வாகனம் கமலாசனியின் அக்கா புருஷன் மயில்வாகனத்தினுடையது. சகலனுக்குச் சகலன் சளைக்காத அந்தக் கிளிநொச்சிக் கோமான், கையில் கச்சான் சுருளோடு, வானில் சாய்ந்து நின்றார்.

நாயகனின் கால் பிரேக்கை நோக்கிப் போகாமல் அக்சிலேற்றரை நோக்கி நகர்ந்தது. நேரமாகிவிட்டது, மனதுக்குள்ளேயே கும்பிட்டுக்கொண்டு போவோம் என்று மெல்லச் சொல்லிப் பார்த்தார்.

“இஞ்சாருங்கோ,” என்றார் கமலாசனி, “பிள்ளையாரிலை நிப்பாட்டாமல் போறதெண்டால் என்னை இதிலையே இறக்கிவிடுங்கோ.”

கார் நின்றது. போர் தொடங்கியது.

கமலாசனி கதவைத் திறந்தார். இரண்டு காலையும் சேர்த்து வெளியே வைத்தார். அம்மி முன்னிருந்தும் அரிவாள் முன்னிருந்தும் நாளாந்தம் எழும்பும் அந்த முழங்கால்கள் ஒருமுறை முனகின. மறுகணம் அவர் நிமிர்ந்து நின்று சேலையை உதறிக்கொண்டிருந்தார். திரும்பிப் பாராமல் பிள்ளையாரிடம் நடந்தார்.

நாயகனோ முதற்கண் வலக்காலை வெளியே செலுத்தினார். அது களம் புகுந்தது. இடக்காலை அழைத்தார்; அது ஸ்ரேரிங்குக்குக் கீழே சிறைப்பட்டது. கதவின் விளிம்பைப் பற்றி, பற்களைக் கடித்து, குலதெய்வத்தை எண்ணி, முழுவயிற்றோடும் முன்னே சரிந்து எழ முயன்ற அந்த வீரக்கணத்தில், திருவயிறு ஹோர்ணில் அழுந்த, வெண்சங்கம் ஆயிரம் ஒருங்கே ஊதினாற்போல் ஓர் ஓசை எழுந்து முறிகண்டியெங்கும் பரந்தது. கச்சான் வறுத்த கைகள் நின்றன. பஸ் யன்னல்களில் தலைகள் முளைத்தன. சின்னராசா பின்னே சரிந்தார், ஓசை அடங்கியது. மீண்டும் எழுந்தார், மீண்டும் ஊதியது. மூன்றாம் முறை உடம்பைப் பக்கவாட்டில் திருப்பினார். பட்டு வேட்டியின் தலைப்பு சீற் பெல்ற்றின் கொளுவியில் அகப்பட்டுக்கொண்டது. ஒரு செருப்பு கழன்று தனியே வெளியே போய் நின்றது.

யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லோரும் சிரித்தார்கள்.

பாதி உள்ளும் பாதி வெளியுமாகக் கிடந்த சின்னராசா அந்தச் சிரிப்பைக் கேட்டார். ஆணை நினைவுக்கு வந்தது. காரின் சிவப்பு நிறம் கண்ணெதிரே மங்குவதுபோல் இருந்தது. இருப்பினும் வேட்டியை ஒரு கையால் காத்தார், அந்த மட்டுக்கும் அவர் வீரர்தான்.

திருநீறு பூசிய நெற்றியோடு கமலாசனி திரும்பி வந்தார். நிலைமையை ஒரு பார்வையில் அளந்தார். கொளுவியிலிருந்து வேட்டியை விடுவித்தார், கார்க் கதவின் அடிவிளிம்பில் ஒரு காலை ஊன்றினார், புருஷனின் இரு கைகளையும் பற்றி, மாட்டைச் சேற்றிலிருந்து இழுப்பதுபோல் ஒரே இழுவை. சின்னராசா வெளியே வந்தார். வந்த வேகத்தில் இருவரும் காரில் சாய்ந்து நின்றார்கள். அப்போது கமலாசனிக்கும் சிரிப்பு வந்துவிட்டது, மற்ற எல்லோரையும்விடப் பலமாக.

மயில்வாகனம் கச்சானை மென்றபடி வந்தார். “என்ன சின்னராசா, இது காரோ, ஆள் விழுற கிடங்கோ?”

“கிடங்கெண்டாலும் எங்கட கிடங்கு, அத்தான்,” என்றார் கமலாசனி.

மயில்வாகனத்துக்கு மேலும் பகிடி விட நேரமில்லை. அவருடைய வானில் ஏறிய சனம் தேத்தண்ணிக் கடையிலும் கச்சான் கடையிலும் சிதறிக் கிடந்தது. ஒருவரைப் பிடித்து ஏற்றினால் இன்னொருவர் இறங்கிப் போனார். வழியில் கைகாட்டியவர்களையும் ஏற்றியதில் உள்ளே மூச்சுவிட வழியில்லை. முகூர்த்தம் நெருங்கியது. அவர் குரலைத் தாழ்த்தினார். வானில் வந்த பெரியம்மாவையும் இன்னொருவரையும் உங்களோடு ஏற்றிக்கொண்டு போங்களேன் என்று கேட்டார். பெரியம்மா அதற்கிடையில் முன் கதவில் கைவைத்தே விட்டார்.

கமலாசனி பின் இருக்கையைப் பார்த்தார். அங்கே தகர வாளி மாட்சிமையோடு வீற்றிருந்தது. கலியாணம் முடித்த நாள்தொட்டு எத்தனையோ வீட்டுப் படலைகளில், எத்தனையோ தெருக்களில், தொண்டைவரை வந்து திரும்பிப்போன ஒரு சொல் அன்றைக்குத் திரும்பிப் போகவில்லை.

“இடமில்லை, அத்தான்.”

பொய் இல்லை. எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள், உண்மையாகவே இடமில்லை. பெரியம்மா கையை எடுத்துக்கொண்டு வானை நோக்கி நடந்தார். பிக்கப் குடித்த டீசலில் பாதியை அது யாருக்காகக் குடித்தது என்பது அப்போதுதான் நாயகனுக்கு விளங்கியது.

“ஆக்கள் சிரிச்சவை,” என்றார் சின்னராசா, வாதியும் பிரதிவாதியும் தாமேயாகி.

“ஓம், சிரிச்சவை,” என்றார் கமலாசனி. “ஆனால் குடுக்க வேண்டாம். இருக்கட்டும்.”

வாழ்க அந்தத் தீர்ப்பு, வாழ்க அதை வழங்கிய வாய். வேட்டி காத்த வீரனும் அவனை மீட்ட வெற்றிச்செல்வியும், பிள்ளையாரை மறுபடி ஒருமுறை சேர்ந்து கும்பிட்டு, கச்சான் சுருளொன்று வாங்கி, செம்பருத்திச் சிவப்பில் வீழ்ந்தமர்ந்து, கதவிரண்டும் சாத்தி, புறங்கண்ணாடியிலே நீல வானும் அதைச் சுற்றி ஓடித் திரியும் மயில்வாகனமும் சிறுத்துச் சிறுத்து மறைய, மாங்குளம் நோக்கி, நெடுவீதி நடுங்க, மடியில் ஒருவருமின்றி, மனதில் ஒரு குறையுமின்றி, விண்ணோர் பூமாரி பொழியாத குறையாக விரைந்தார்கள்.

கச்சான் கொஞ்சம் கருகியிருந்தது.