மடைப்பள்ளி ஹெட்மாஸ்டர்

சத்தியமா சொல்றேன், இதுல ஒரு எழுத்து பொய்யில்ல. பொய்யின்னா என் வாய்க்கு நானே பூட்டு போட்டுக்கறேன், சாவிய நீங்களே வச்சுக்கங்க.

எங்க தெருவுல ஒரு பூட்டுக்காரர். எந்தப் பூட்டா இருந்தாலும் அவரு கை பட்டா வாயப் பொளந்துரும். வீட்டுல சம்சாரத்து வாயத் திறக்க மட்டும் அவரால முடியல. காரணம், அந்தம்மா கையில எப்பவும் இருக்கற புத்தகம்.

எல்லாம் எண்ணூறு வருஷத்துக்கு முந்தின ராஜா காலத்துக் கொலைக் கதை. அரமனையில எவனாவது செத்துக் கெடப்பான். ஒரு கிழட்டு வைத்தியர் துப்பறிவாரு. ஒண்ணு முடிஞ்சா அந்தம்மா அடுத்தத எடுத்துரும். ஒருநாள் இவரு கடைய மூடிட்டு வந்து ஆரம்பிச்சாரு.

"ஏய், இன்னிக்குக் கூத்தக் கேளேன். ஒரு பெரிய மனுஷன் குளிக்கப் போயி, தாழ்ப்பாள் சிக்கி, துண்டோட உள்ளயே மாட்டிக்கிட்டாரு!"

"ம்."

"துண்டும் நழுவிருச்சு!"

"ம்."

"ஆளே செத்துட்டாரு!" இவரு சும்மா அளந்து விட்டாரு.

"விஷமா, கத்தியா?" அப்பத்தான் அந்தம்மா தலையத் தூக்குச்சு.

பூட்டுக்காரருக்கு வயிறு எரிஞ்சுது. "அப்படி என்னதான் இருக்கு அதுல?"

"இப்ப கொலைன்னா கேமராவப் பாக்குறான், போனத் தோண்டுறான். மிஷினு கண்டுபிடிக்குது, போலீசு கைதட்டு வாங்குது. அந்த வைத்தியருக்கு என்னங்க இருந்துச்சு? ஒரு மூக்கு, ரெண்டு கண்ணு. செத்தவன் குடிச்ச கிண்ணத்த மோந்து பாக்குறாரு. செருப்புல ஒட்டின மண்ணப் பாக்குறாரு. ராஜாவே பொய் சொன்னாலும் பிடிச்சிடறாரு. ஆனா பட்டுனு சொன்னா தலை போயிடும். அதனால வெண்ணெய் தடவித்தான் சொல்லணும். அதுல இருக்குங்க ருசி!"

"வைத்தியருக்குச் சம்சாரம் உண்டா?"

"இல்ல."

"அதான் யோசிக்க நேரம் இருக்கு!"

அந்த நிமிஷமே முடிவு பண்ணிட்டாரு. கொலைகாரன் யாருன்னு போட்டு உடைச்சா புத்தகம் புஸ்ஸுனு போயிடும்ல? மனுஷன் வேற என்ன கேக்குறாரு? நாளெல்லாம் சேத்து வச்ச கதையக் கொட்ட ரெண்டு காது. அவ்வளவுதான்.

மறுநாள் அந்தம்மா துணி காயப்போட மாடிக்குப் போச்சு. இவரு கடையில பாதி வேலைய அப்படியே போட்டுட்டு ஓடி வந்து, கடைசிப் பக்கத்தப் பிரிச்சாரு. மூணாங் கிளாஸோட படிப்புக்கு டாட்டா காட்டின ஆளு. ஒவ்வொரு எழுத்தா வண்டி தள்ளுற மாதிரி தள்ளினாரு.

'மன்னனுக்கு... நஞ்சு... வைத்தவன்... மடைப்... பள்ளித்... தலைவனே!'

பள்ளி! தலைவன்! மூணாங் கிளாஸ்ல தன் காத முறுக்கினவனோட ஞாபகம் வந்துச்சு. துள்ளிக் குதிச்சாரு.

அந்தம்மா கீழ வந்து புத்தகத்த எடுத்துச்சு. கடைசிப் பக்கத்த ஒரு தடவ பாத்துச்சு, புருஷன ஒரு தடவ பாத்துச்சு.

"கொலைகாரன் யாருன்னு நான் சொல்லிட்டா?" இவரு மீசைய நீவினாரு.

"படிக்காமலேயா? பந்தயமே கட்டலாங்க."

"நான் சொன்னது சரின்னா, நீ புத்தகத்த மூடிட்டு தெனம் என் கதையக் கேக்கணும்."

"தப்புன்னா?"

"சமையக்கட்டு எனக்கு! நீ போதும்ங்கற வரைக்கும்!"

"பக்கத்து வீட்டு டெய்லர் அக்காவ சாட்சிக்குக் கூப்பிடவா?"

"தெருவையே கூப்பிடு!"

டெய்லர் அக்கா கழுத்துல இஞ்ச் டேப்போட வந்து நின்னாங்க. பூட்டுக்காரர் தொண்டையக் கனைச்சாரு. "கொலைகாரன்... ஹெட்மாஸ்டர்!"

"எந்த ஹெட்மாஸ்டர்?" அக்கா முழிச்சாங்க.

"மடைப்பள்ளி ஹெட்மாஸ்டர்! கடைசிப் பக்கத்துல போட்டிருக்கே!"

அக்கா அந்தப் பக்கத்தப் பிரிச்சுப் பாத்தாங்க. சிரிச்ச சிரிப்புல டேப்பு கீழ விழுந்துருச்சு. "அண்ணே, மடைப்பள்ளின்னா பள்ளிக்கூடம் இல்ல. அரமனைச் சமையக்கட்டு! விஷம் வச்சது தலைமைச் சமையக்காரன்!"

"அந்த வேலை இப்ப காலியா இருக்குங்க," சம்சாரம் கரண்டிய நீட்டுச்சு.

அன்னையிலருந்து பூட்டுக்காரர் வெங்காயம் உரிப்பாரு. அந்தம்மா சமையக்கட்டு வாசப்படியில உக்காந்து சத்தமா படிச்சுக் காட்டும். வைத்தியர் கிண்ணத்த மோந்தா இவரும் கரண்டிய மோப்பாரு. பூட்டின அறைக்குள்ள பொணம் கெடந்தா, "அந்தப் பூட்ட எப்படிங்க திறந்திருப்பான்?"னு அந்தம்மா கேக்கும். இவரு உப்பப் போட மறந்துட்டுக் கை வீசி விளக்குவாரு. அது கன்னத்துல கை வச்சுக்கிட்டுக் கேக்கும். சோறு குழைஞ்சு போச்சு, மனுஷன் மனசு நெறைஞ்சு போச்சு.

ஒருநாள் மெதுவா கேட்டாரு. "ஹெட்மாஸ்டரோ சமையக்காரனோ, கொலைகாரன உடைச்சிட்டேன். உனக்கு சுவாரசியமே போயிருக்குமே?"

"நான் எப்பவும் கடைசிப் பக்கத்தத்தாங்க மொதல்ல படிப்பேன்."

"ஆளு தெரிஞ்சப்புறம் படிக்க என்ன இருக்கு?"

"எப்படி மாட்டுறான்னு பாக்கறதுதான் சுகமே. உங்க கட்டைவிரல் கிரீஸ் அப்பியிருந்துச்சுங்க, அதுவும் சரியா அந்த 'பள்ளி' மேல. நீங்க பள்ளிக்கூடம்னு நெனச்சிருப்பீங்கன்னு புரிஞ்சுக்கிட்டுத்தான் பந்தயத்துக்கே கூப்பிட்டேன்."

என்ன, இவ்வளவு நேரம் ஓசியில சிரிச்சாச்சுல்ல? ஆளுக்கொரு டீ எனக்குச் சொல்லிட்டு எந்திரிங்க. பிஸ்கட் உங்க இஷ்டம். இஷ்டம்னு சொன்னது ஒரு மரியாதைக்குத்தான்.