எட்டுச் சட்டிப் பெட்டூனியாவும் மூன்று முழ மாலையும்

நான் செய்த நாசங்களில் ஒன்றுகூடச் சோம்பலால் வந்ததில்லை. எல்லாமே அக்கறையால் வந்தவை. சோம்பேறி ஒரு செடியைக் காயவிடுவான், அவ்வளவுதான் அவனால் முடியும். அதை முழுசாகத் தீர்த்துக்கட்ட என்னைப் போன்ற உழைப்பாளி வேண்டும்.

ரப்பர் விலை விழுந்து கிடந்த காலம் அது. எனக்கு இருபத்துமூன்றோ இருபத்துநாலோ வயது (பிறந்த தேதியைக் குறித்து வைக்கும் அளவுக்கு எங்கள் வீட்டில் யாருக்கும் என் மேல் நம்பிக்கை இல்லை). மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுக் கப்பலேறி மலாக்காப் பக்கம் வந்தவன், ஓரிடத்தில் ஆறு மாதம் நின்றது கிடையாது. பெம்பானில் மாட்டுவண்டி ஓட்டினேன். மாடு என்னை ஓட்டியது என்பதே சரி. கோலா சுங்கை பாருவில் மீன்பிடிப் படகில் ஏறினேன். என் காலைச் சாப்பாட்டை மீன்களுக்குப் போட்டுவிட்டு அன்றைக்கே இறங்கினேன். இரண்டு தோட்டங்களில் பால் மரம் வெட்டினேன் (ரப்பர் மரப்பட்டையில் நேராகக் கோடு கீறிப் பால் இறக்குவது). நான் வெட்டிய மரங்களைப் பார்த்து ஒரு கங்காணி, "இதுக்குப் புலி பிறாண்டியிருந்தாக்கூட கொஞ்சம் நேரா இருக்கும்டா" என்றார். கடைசியில் மெர்லிமாவுக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்துக்குப் புல் வெட்ட வந்து சேர்ந்தபோதுதான் விலை விழுந்தது.

விலை விழுந்ததும் ஆட்களைக் குறைத்தார்கள். காலையில் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பேர் கூப்பிடுவதற்குப் பெரட்டு என்று பெயர். மாதத்துக்கு ஒரு திங்கட்கிழமை, அந்தப் பெரட்டில் தோட்டத்துக் கணக்குப்பிள்ளையான கிராணி ஒரு தாளைப் படிப்பார். அதில் பேர் இருந்தால் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான். லாரி, கப்பல், நாகப்பட்டினம்.

பசி எனக்குப் பெரிய விஷயமில்லை. அரிசியைக் குறைத்து மரவள்ளிக்கிழங்கைக் கூட்டிக்கொள்ளத் தெரியும். கிழங்கும் இல்லாத நாளில் சீக்கிரம் படுத்துக்கொள்ளத் தெரியும். ஊருக்குத் திரும்புவதுதான் முடியாது. காரணம், நானே எழுதிய கடிதங்கள். 'இங்கே நான் கிராணியாக இருக்கிறேன், தொப்பி போடுகிறேன், நாற்பது பேர் எனக்குக் கீழே' என்று அண்ணனுக்கு எழுதியிருந்தேன். (நாற்பது என்ற எண்ணிக்கை சரிதான். அவர்களுக்குக் கீழே நான் இருந்தேன்.) அண்ணன் அதை ஊரெல்லாம் படித்துக் காட்டியிருந்தார். வெறுங்கையோடு, அதிலும் காய்ப்புக் காய்த்த கையோடு, எந்த முகத்தை வைத்துக்கொண்டு போய் இறங்குவது?

அந்த மாதத் தாளில் துரை பங்களாத் தோட்டக்காரர் பேர் இருந்தது. அவரை அனுப்பிவிட்டு மறுநாள் பெரட்டில் கிராணி கேட்டார்: "பூச்செடி வேலை யாருக்காச்சும் தெரியுமாடா?"

நான் யோசிப்பதற்குள் என் கை மேலே போய்விட்டது.

"எங்கடா கத்துக்கிட்டே?"

"ஊர்ல மல்லித் தோட்டம் இருந்துச்சுங்க ஐயா."

பொய்யில்லை. தோட்டம் இருந்தது, எங்களுடையதில்லை. சின்ன வயதில் அங்கே பூப்பறிக்கப் போயிருக்கிறேன். என் மொத்தப் பூக்கல்வியும் அதுதான். மல்லியை மொட்டாகவே பறிக்க வேண்டும். பறித்துக் கட்டி, ஈர வாழை இலையில் சுற்றி டவுனுக்கு அனுப்பினால், அங்கே போய்ச் சேர்ந்து விரியும். மலர்ந்த பூ ஒன்று கூடையில் கிடந்தாலும் தோட்டத்துச் சொந்தக்காரர் காதைத் திருகுவார். என் காது இரண்டும் இன்றைக்கும் கொஞ்சம் முன்னே நீண்டிருக்கும்.

பங்களாவின் பின் வராந்தாவில் எட்டு மண்சட்டிகள் இருந்தன. துரையின் மனைவி, துரைசானி, சீமையிலிருந்து தபாலில் வரவழைத்த விதை. முளைத்ததில் முக்கால்வாசி நம் வெக்கையில் செத்துப்போக, மிஞ்சியது எட்டு. பெட்டூனியா என்று பெயர். அதைச் சொல்ல என் வாய்க்குச் சில வருஷம் பிடித்தது. அதுவரை 'வெள்ளைச்சி' என்றே கூப்பிட்டேன். முழ உயரம்கூட இருக்காது. பத்து மணி வெயிலைக் கண்டால் துரையைவிட வேகமாகத் துவண்டுவிடும். அதற்கு அத்தாப்பு ஓலையில் கூரை போட்டேன். காலையில் மட்டும், வேரில் மட்டும் தண்ணீர் ஊற்றினேன். பூவில் நாலு சொட்டு மழை விழுந்தால் கூழாகிவிடும் என்பதால், இடி இடித்தால் எட்டுச் சட்டிகளையும் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடினேன். என் துணி கொடியிலேயே நனைந்தது.

அந்தச் செடியின் இலையைத் தொட்டால் பிசுபிசுவென்று விரலில் ஒட்டும். அது அதன் சுபாவம் என்று எனக்குத் தெரியாது. நோய் என்று நினைத்து, ஒவ்வோர் இலையாகச் சோப்புப் போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தேன். துரை வீட்டுக் குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் ஆயா அஞ்சலை, குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்தாள்.

"யோவ், செடிக்கு என்ன கல்யாணமா? சோப்புப் போட்டுக் குளிப்பாட்டுறே! எண்ணெய் தேய்ச்சாச்சா?"

"பிசுக்கு போகமாட்டேங்குது."

"அது போவாது. நீதான் போவப்போறே, துரைசானி பாத்தா."

துரைசானி பார்த்தார். ஆனால் திட்டவில்லை. சமையற்கட்டுத் தமிழும் கடைத்தெருவில் பேசும் பாசார் மலாயும் கலந்துதான் அவர் பேசுவார். என் பக்கத்தில் குந்தி, ஒரு கிளையின் நுனியை நகத்தால் கிள்ளிக் காட்டினார். "இப்படி கிள்ளு. பிறகு பாஞ்ஞா வரும். நெறய."

கிள்ளினேன். பத்தே நாளில் ஒரு நுனி இருந்த இடத்தில் மூன்று வந்தது. அரைகுறையாகப் படித்தவன் கையில் இதைவிட ஆபத்தான பாடம் கிடையாது. கிள்ளினால் நல்லது என்பது வேதம்போல் மனசில் பதிந்துவிட்டது.

மலாக்கா டவுனில் வருஷா வருஷம் துரைசானிமார்களின் பூப்போட்டி நடக்கும். போன தடவை பக்கத்துத் தோட்டத்துத் துரைசானி பரிசுக் கப்பை வாங்கிக்கொண்டு போய், எங்கள் துரைசானியைத் தேநீருக்குக் கூப்பிட்டு, அதை மேசை நடுவில் வைத்துக் காட்டினாராம். இந்தத் தடவை விடுவதில்லை என்று எங்களவர் முடிவு செய்திருந்தார். அஞ்சலை வந்து சேதி சொன்னாள்.

"கப்பு வந்துச்சுன்னா ஒன் பேரு தாள்ல வராம துரைகிட்டச் சொல்லிருவாங்களாம்."

"வரலேன்னா?"

"கப்பல்ல பூஞ்சட்டி இருக்கான்னு கேட்டுச் சொல்றேன்."

போட்டி சனிக்கிழமை. வெள்ளிக்கிழமை மத்தியானம் துரைசானி வந்து பார்த்தார். எட்டுச் சட்டியிலும் இலை தெரியாமல் மொட்டு. மறுநாள் காலையில் எல்லாம் ஒன்றாக விரியும்படி நாள் கணக்குப் பார்த்து வளர்த்திருந்தார். மொட்டுகளைத் தொடாமல் தொட்டுப் பார்த்து, என்னைப் பார்த்துச் சிரித்து, "நாளைக்கு டவுன். எல்லாம் தயார் பண்ணு" என்று சொல்லிவிட்டு, குழந்தையையும் அஞ்சலையையும் கூட்டிக்கொண்டு காரில் வெளியே போனார்.

தயார் பண்ணினேன்.

நான் எப்படி யோசித்தேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். பூப்போட்டி என்றால் பூவுக்குப் போட்டி. மண்ணையும் சட்டியையும் யாராவது டவுனுக்குச் சுமந்துகொண்டு போவார்களா? பூதான் போகும். பூ டவுனுக்குப் போவதென்றால் முதல் நாளே மொட்டாகப் பறித்தாக வேண்டும். இந்த மொட்டும் பிச்சி மொட்டுப்போல வெள்ளையாக, நீளமாக, முறுக்கிக்கொண்டு இருந்தது. போதாததற்குக் கிள்ளினால் செடிக்கும் நல்லது. இவ்வளவு யோசித்துச் செய்யும் தோட்டக்காரன் இந்த ஜில்லாவில் வேறு எவன் இருக்கிறான் என்று எனக்கே பெருமையாக இருந்தது.

ஒரு மொட்டு விடாமல் பறித்தேன். இலைக்கு அடியில் ஒளிந்திருந்த கடுகளவு மொட்டைக்கூட நான் விடவில்லை. வாழை நாரில் நெருக்கமாகக் கட்டினேன். மூன்று முழம் வந்தது. தண்ணீர் தெளித்து, வாழை இலையில் சுற்றி, தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் குளிர்ச்சியாக வைத்துவிட்டு, கப்பு வாங்கியவன்போல் போய்ப் படுத்தேன்.

காலை ஏழு மணிக்குக் கார் பின்வாசலுக்கு வந்தது. துரைசானி தொப்பி வைத்து, கையுறை போட்டுக்கொண்டு இறங்கி வந்தார். எட்டுச் சட்டியும் கீரைப் பாத்திபோலப் பச்சைப்பசேல் என்று நின்றன. வேறு யார் வீட்டுக்கோ வந்துவிட்டோம் என்று நினைத்தாரோ என்னவோ, திரும்பிப் பங்களாவை ஒரு முறை பார்த்தார்.

"பூ எங்கே?"

இதற்காகத்தானே காத்திருந்தேன்! இரண்டு கையாலும் பொட்டலத்தை ஏந்திப் பிரித்தேன். மணம் கமகமவென்று வரும் என்று எதிர்பார்த்தேன். வந்தது கீரை வெந்த வாடை. நனைந்த சிகரெட்டுத் துண்டுகளை நாரில் கோத்ததுபோல ஒரு பொருள் என் கையிலிருந்து தொங்கியது.

"அட பாவி மனுசா!" என்றாள் அஞ்சலை.

நான் மட்டும் தைரியத்தை விடவில்லை. "இதுதாங்கம்மா பூ. சாயங்காலத்துக்குள்ள மலந்துரும்" என்றேன்.

சத்தம் கேட்டுத் துரை வெளியே வந்தார். அவருக்குத் தமிழ் நன்றாக வரும். மாலையைக் குச்சியால் தூக்கிப் பார்த்து, "யாருக்குடா இது?" என்று கேட்டார்.

"பரிசு குடுக்குற ஐயா கழுத்துக்குங்க."

துரை தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிடித்த தூணை அவர் விடக் கொஞ்ச நேரம் ஆனது. துரைசானி சிரிக்கவில்லை. படியில் உட்கார்ந்து, தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு அழுதார். செத்துப்போன நாற்றுகளுக்குப் பிறகு மிஞ்சிய எட்டையும் அவர் எவ்வளவு பாடுபட்டு வளர்த்தார் என்பது எனக்குத் தெரியும். பசியிலும் அடியிலும் வராத வெட்கம் அன்றைக்கு எனக்கு வந்தது. கார் காலியாகவே கொட்டகைக்குத் திரும்பியது.

அடுத்த திங்கட்கிழமை தாள் படிக்கும் நாள். என்னிடம் இருந்த ஒரு கம்பளியையும் ஒரு குவளையையும் கட்டி வைத்தேன். கிராணி வேலையை உடல்நலம் கருதி ராஜினாமா செய்துவிட்டதாக அண்ணனுக்கு ஒரு கடிதமும் எழுதினேன். பெரட்டில் மூட்டையோடு நின்றேன். கிராணி படித்து முடித்தார். என் பேர் இல்லை.

(புத்தியுள்ளவன் பேசாமல் இருந்திருப்பான்.) "ஐயா, என் பேர விட்டுட்டீங்க" என்றேன்.

"விடலடா, துரைசானி கோடு போட்டு அடிச்சுட்டாங்க. கெடுத்தவனே பூக்க வெச்சுட்டுப் போகட்டும்னு உத்தரவு. செடி பூத்த மறுநாளு ஒனக்கு லாரி."

இப்படி ஒரு தண்டனையை யாராவது கேள்விப்பட்டிருப்பீர்களா? செடியை நன்றாகப் பார்த்துக்கொண்டால் கப்பல், பட்டினி போட்டால் வேலை நிலைக்கும். ஒரு நாள் தண்ணீர் ஊற்றாமல் இருந்தும் பார்த்தேன். மத்தியானத்துக்குள் மனசு கேட்காமல் ஓடிப்போய் ஊற்றிவிட்டேன். அஞ்சலை பார்த்துவிட்டாள்.

"நல்லா ஊத்துய்யா. நீ ஊத்துற தண்ணியில கப்பலே மெதக்கும்" என்றாள்.

மூன்று வாரத்தில் பூத்தது. எப்படி? கிள்ளிய ஒவ்வோர் இடத்திலும் மூன்று மூன்றாக, சட்டி தெரியாமல், கொடியில் வெள்ளை வேட்டி காயப்போட்டதுபோல. அன்றைக்குப் பார்த்துப் பக்கத்துத் தோட்டத்துத் துரைசானி தேநீருக்கு வந்தார். செடிகளைப் பார்த்துவிட்டுக் கோப்பையைக் கீழே வைத்தவர் மறுபடி எடுக்கவில்லையாம். 'என்ன உரம்?' என்று கேட்டாராம். எங்கள் துரைசானி என்னைக் கைகாட்டி, 'உரமில்லை, மொட்டையெல்லாம் முதலில் கிள்ளிவிடுவான், அது அவனுடைய முறை' என்றாராம்.

மறுநாள் மூட்டையோடு படியில் உட்கார்ந்திருந்தேன். லாரி வந்தது, போனது. அஞ்சலை வந்தாள்.

"உள்ள போ. அடுத்த வருசம் கப்பு வேணுமாம். மொட்டு விடுற மாசம் மட்டும் ஒன் கை ரெண்டும் என் பொறுப்புன்னு சொல்லிட்டாங்க."

அந்தப் பொறுப்பை அவள் இன்றுவரை யாரிடமும் ஒப்படைக்கவில்லை. தை மாதத்தில் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் எங்கள் கல்யாணம் நடந்தது. மாலை கட்டும் இடத்துக்கு மாப்பிள்ளை வரக்கூடாது என்று பெண்வீட்டார் ஆளைக் காவல் போட்டார்கள். அண்ணனுக்குப் புதுக் கடிதம் எழுதினேன்: 'கிராணி வேலையை விட்டுவிட்டேன். இப்போது எனக்குக் கீழே எட்டே பேர்தான். ஆனால் எட்டுப் பேரும் வெள்ளை.'

அடுத்த வருஷம் கப்பு வந்ததா என்றால், இரண்டாம் பரிசு வந்தது. முதல் பரிசு மறுபடியும் பக்கத்துத் தோட்டத்துக்கே. மூன்று வாரத்துக்கு முன்னாலேயே மொட்டையெல்லாம் கிள்ளிவிட்டாராம் அந்த அம்மாள்.

அன்றைக்குப் பிறகு நான் எந்தச் செடியிலிருந்தும் ஒரு பூவைப் பறித்ததில்லை. வெள்ளிக்கிழமை வந்தால் மெர்லிமாவ் பாசாரில் மற்ற ஆண்கள் மனைவிக்கு முழக்கணக்கில் பூ வாங்குவார்கள். நான் சட்டியோடு செடி வாங்கி வருவேன். எங்கள் வாசலில் கால் வைக்க இடமில்லை. எங்கள் வீட்டில் சோறு வேகாவிட்டாலும், பஸ் நடுவழியில் நின்றாலும், பையன் கணக்கில் கோட்டைவிட்டாலும், "சாயங்காலத்துக்குள்ள மலந்துரும்" என்றுதான் சொல்வார்கள்.

போன வெள்ளிக்கிழமையும் ஒரு சட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தேன். அஞ்சலை இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

"ஊர்ல உள்ளவளுக்கெல்லாம் தலையில பூ இருக்கு. எனக்கு மட்டும் வாசல்ல இருக்கு. இந்தச் சட்டியத் தூக்கித் தலையில வெச்சுக்கவா?"

உள்ளேயிருந்து என் மகள் குரல் கொடுத்தாள்: "வெச்சுக்கம்மா. சாயங்காலத்துக்குள்ள மலந்துரும்லா!"