நசுங்காத தீப்பெட்டி

அன்பும் மரியாதையும் கொண்ட மாப்பிள்ளைக்கு, மாமா நாலு தடவை யோசித்து எழுதும் கடிதம்.

இங்கே நான், உங்கள் அத்தை, சின்னவள் மூவரும் நலம். என் இடது முழங்கை மட்டும் அந்தக் கணக்கில் சேராது. அதைப் பற்றிக் கீழே வரும். அங்கே நீங்களும் பெரியவளும் குழந்தையும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். குழந்தைக்குக் கீழ்ப்பல் இரண்டு முளைத்துவிட்டதாமே. பிறந்ததிலிருந்து கடிக்க ஆள் தேடிக்கொண்டிருந்தவனுக்கு இப்போது ஆயுதமும் கிடைத்துவிட்டது. விரலைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

நிற்க. சைக்கிள் விஷயம் என்ன ஆயிற்று என்று கேட்டிருந்தீர்கள். போனில் சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள், அது எனக்குக் கேட்கும். கடிதம் என்றால் நீங்கள் தாராளமாகச் சிரிக்கலாம், எனக்கும் மனக்கஷ்டம் இல்லை.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மாமனார் மாப்பிள்ளையைக் குறை சொல்கிறார் என்று நீங்கள் நினைக்கக் கூடாது. ஆனால் போன தடவை வந்தபோது சின்னவளை ஊருக்கு வெளியே இருக்கும் குன்றுக்குக் கூட்டிப்போய், ஒரு சைக்கிளில் ஏற்றி, உச்சியிலிருந்து கீழே விட்டது யார் என்று யோசித்துப் பார்க்கிறேன், வேறு யாரும் நினைவுக்கு வரவில்லை. அன்றையிலிருந்து அவள் ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருந்ததில்லை. சிநேகிதியிடம் இரவல் வாங்கிய சைக்கிளில் போட்டிக்குப் போய் மூன்றாவதாக வேறு வந்துவிட்டாள். இப்போது சிநேகிதி சைக்கிளோடு வேறு ஊருக்குக் குடிபோய்விட்டாள், அடுத்த போட்டியோ வருகிற மாதம் முதல் ஞாயிறு. பல் செட் செய்யும் கூடத்தில் நாளெல்லாம் குனிந்து உட்கார்ந்து யார் யாருக்கோ பல் செதுக்குகிற பெண், சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் அதே குனிந்த தலையோடு சாப்பிட்டுவிட்டுப் படுத்துவிடுகிறாள். சைக்கிள் வேண்டும் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் இல்லை என்று சொல்லிவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன். கேட்காததால்தான் என் தூக்கம் போயிற்று.

வீட்டில் கையிருப்பு என்று இருந்தது வாஷிங் மெஷினுக்காக எடுத்து வைத்த பணம் மட்டும்தான். உங்கள் அத்தையிடம் மெல்லப் பேச்சை எடுத்தேன். "தாராளமா எடுத்துக்கோங்க. அவ சந்தோஷத்தை விடவா மெஷின் பெருசு? ஆனா துணி தானா துவைச்சுக்காது" என்றாள். "அப்போ யார் துவைக்கிறது?" என்று வெகுளியாகக் கேட்டுவிட்டேன். "இப்ப யார் கேட்டாங்களோ அவங்கதான்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது எனக்குப் புதிதல்ல.

பணத்தை எடுத்துக்கொண்டு நானும் சின்னவளும் பெரிய கடைக்குப் போனோம். மலையிறங்கும் சைக்கிள் என்று ஒன்றைக் காட்டினார்கள். சுற்றிச் சுற்றிப் பார்க்கிறேன், மணி இல்லை, மட்கார்டு இல்லை, லைட் இல்லை, ஸ்டாண்டு இல்லை, கேரியர் இல்லை, சீட்டு மட்டும் பேருக்கு ஒன்று இருக்கிறது. "இதெல்லாம் எப்ப மாட்டுவீங்க?" என்று கேட்டேன். "மாட்ட மாட்டோம் சார், இறங்கறப்ப எல்லாம் கழண்டு விழுந்துடும்" என்றார் கடைக்காரர். "அப்ப கழட்டினதுக்கா இவ்வளவு விலை?" "சஸ்பென்ஷனுக்கு சார். முன்னாடி ஒண்ணு, பின்னாடி ஒண்ணு. எவ்வளவு பெரிய கல்லு மேல விழுந்தாலும் ஒரு சாண் அமுங்கி எழுந்திரிச்சுடும்." எங்கள் கையில் இருப்பதைச் சொன்னேன். அவர் சிரிப்பைக் கொஞ்சமும் குறைக்காமல் எங்களைக் கடையின் பின்பக்கம் அழைத்துப் போனார். அங்கே உடம்பெல்லாம் தீ எரிகிற மாதிரி வண்ணம் அடித்த ஒன்று நின்றது. விலை எங்களுக்குச் சரி. சின்னவள் ஹேண்டில்பாரைப் பிடித்து ஓர் அமுக்கு அமுக்கினாள். முன்பக்கம் முனகிக்கொண்டே இறங்கியது. எழுந்திருக்கவில்லை. தரையில் உட்கார்ந்தால் நான் எப்படியோ அப்படியே. "அப்பா, இது மலையிறங்கற சைக்கிள் இல்ல, அது மாதிரி வேஷம் போட்டிருக்கு" என்றாள். வெளியே வந்துவிட்டோம்.

அப்போதுதான் நீங்கள் போனில், "காசு கம்மின்னா புதுசுல மட்டமானதை வாங்காதீங்க மாமா, பழசுல நல்லதாப் பாருங்க" என்று சொன்னீர்கள். நல்ல யோசனைதான், மறுக்கவில்லை. ஆனால் பழசில் நல்லதைப் பார்ப்பதற்குள் கண் பூத்துவிட்டது. முதல் ஆள் வைத்திருந்தது புதுப்பெண் மாதிரி பளபளவென்று இருந்தது. சின்னவள் பையிலிருந்து பல் பார்க்கும் குட்டிக் கண்ணாடியை எடுத்தாள், பெடலுக்கு அடியில் விட்டுப் பார்த்தாள், "கீழ விரிசல் விட்டிருக்கு, மேல பெயிண்ட் அடிச்சிருக்கீங்க" என்றாள். சொத்தைப் பல்லைக் காட்டியவன் மாதிரி அந்த ஆள் வாயை மூடிக்கொண்டார். இரண்டாவது சைக்கிளில் முன்பக்கக் குழாயிலிருந்து எண்ணெய் வழிந்தது. கேட்டால், "கசிவு இல்லீங்க, இப்பதான் ஆசையா தடவிவிட்டேன்" என்கிறார்.

மூன்றாவதாக, குன்றின் அடிவாரத்தில் ரொட்டிக்கடை வைத்திருக்கும் ஒருவர். தனக்குப் புதிது வாங்கிவிட்டதால் பழையதைக் கொடுக்கிறார். சின்னவள் அந்தச் சைக்கிளை அரை மணி நேரம் பரிசோதித்தாள். விரிசல் இல்லை, கசிவு இல்லை, அமுக்கினால் அமுங்கியது, விட்டால் எழுந்தது. அவள் முகத்தைப் பார்த்தேன். சின்ன வயதில் மிட்டாய் ஜாடியைப் பார்க்கும்போது வைத்துக்கொள்வாளே, அதே முகம். பேரம் பேசலாம் என்று நான் தொண்டையைக் கனைத்தேன். ரொட்டிக்கடைக்காரர் மாவுக் கையைத் துடைத்துக்கொண்டு என்னை உற்றுப் பார்த்தார். "சார், நீங்க... தீப்பெட்டி சார் இல்ல?"

என் உத்தியோகம் உங்களுக்குத் தெரியும். ஆனால் அந்தப் பெயர் உங்கள் காதுக்கு வராமல் இத்தனை நாள் காப்பாற்றி வந்தேன், இனி மறைத்துப் பயனில்லை. லைசென்ஸ் கேட்டு வருகிறவர்களை முப்பத்தொரு வருஷம் பரிசோதித்தேன், நேர்மையாகப் பரிசோதித்தேன், ஒருவரிடமும் ஒரு டீ கூடக் குடித்ததில்லை. மேட்டில் காரை நிறுத்தச் சொல்வேன். இறங்கிப் போய்ப் பின்சக்கரத்துக்குப் பின்னால் ஒரு தீப்பெட்டியை வைப்பேன். வண்டியை எடுக்கும்போது ஒரு விரற்கடை பின்னால் உருண்டாலும் பெட்டி நசுங்கும். நசுங்கினால் ஃபெயில். மந்திரி வீட்டு டிரைவரானாலும் ஃபெயில். சின்னவளையே இரண்டு தடவை ஃபெயில் ஆக்கியிருக்கிறேன். வேறு அலுவலகத்துக்குப் போ என்று எல்லாரும் சொன்னார்கள், "எங்கப்பாகிட்டயேதான் பாஸாவேன்" என்று வந்தாள், நசுக்கினாள், போனாள். மூன்றாவது தடவை வருவதற்குள் நான் ஓய்வு பெற்றுவிட்டேன்.

"நாலு தடவை சார்!" என்றார் ரொட்டிக்கடைக்காரர். கோபமாகச் சொன்னால் பரவாயில்லை, சந்தோஷமாகச் சொன்னார். "லைசென்ஸ் கிடைக்கல, வேன் ஓட்ட முடியல, சைக்கிள்லயே ரொட்டி போட்டேன். மேடு பள்ளமெல்லாம் ஏறி எறங்கித்தான் இந்தப் பைத்தியமே பிடிச்சுது. எல்லாம் உங்க ஆசீர்வாதம்." பிறகு விஷயத்துக்கு வந்தார். இதே சைக்கிளுக்கு இன்னொருவர் கூடுதல் விலை சொல்லியிருக்கிறாராம். "ஆனா உங்க விலைக்கே தந்துடறேன். ஒரே ஒரு கண்டிஷன். கடைக்குப் பின்னாடி ஒரு சரிவு இருக்கு. நீங்க ஓட்டிக்கிட்டு இறங்கணும். கால் ஊனக்கூடாது. கீழ கோட்டுல நிக்கணும், கோட்டுக்கு அந்தப் பக்கம் தீப்பெட்டி இருக்கும். மூணு சான்ஸ். நான்தான் ஆபீசர்."

"அப்பா, வேண்டாம், வாங்க போலாம்" என்றாள் சின்னவள். சொல்லிக்கொண்டே சைக்கிளைத் திரும்பிப் பார்த்தாள் பாருங்கள், அந்தப் பார்வைதான் என்னைக் கவிழ்த்தது. ஹெல்மெட்டைக் கொடு என்றேன்.

மேலே நின்று பார்க்கும்போதுதான் சரிவு என்பது என்ன என்று புரிந்தது. கீழே இருந்து பார்த்தபோது அது ஒரு சாதாரண மண்மேடு, அவ்வளவுதான். மேலே போனதும் யாரோ அதை இழுத்து நீட்டிவிட்டிருந்தார்கள். என் இரண்டு முழங்காலும் தந்தியடித்தன. மாப்பிள்ளை, என் பக்கத்தில் உட்கார்ந்து வண்டி ஓட்டிக் காட்டியவர்களின் முழங்காலும் இப்படித்தான் ஆடும். முப்பத்தொரு வருஷமாக அதை இன்ஜின் அதிர்வு என்றே நினைத்திருந்தேன்.

ரொட்டிக்கடைக்காரர் அட்டையும் சிவப்புப் பேனாவுமாக என் பக்கத்தில் நின்று, "பதட்டப்படாதீங்க, வழக்கமா ஓட்டற மாதிரி ஓட்டுங்க" என்றார். அது என் வசனம். அதை எத்தனை ஆயிரம் பேரிடம் சொல்லியிருப்பேன்! அதைக் கேட்டால் பதட்டம் இரண்டு மடங்காகும் என்று ஒருத்தராவது எனக்குச் சொல்லியிருக்கலாம். முதல் தடவை பிரேக் எந்தப் பக்கம் என்று யோசித்து முடிப்பதற்குள் கோடு, தீப்பெட்டி, ஒரு செடி எல்லாவற்றையும் தாண்டி வேலியில் இருந்தேன். முழங்கை அங்கே போனதுதான். ரொட்டிக்கடைக்காரர் ஓடி வந்து, என்னைத் தூக்குவார் என்று பார்த்தால், நசுங்கிய தீப்பெட்டியைத் தூக்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "இது எனக்கு வேணும் சார், கடையில மாட்டி வைக்கப்போறேன்." பிறகு அடுப்பு பற்ற வைக்க வைத்திருந்த தீப்பெட்டிக் கட்டைப் பிரித்து, நாலைந்தைச் சின்னவள் கையில் கொடுத்து, கோட்டருகே நின்று புதிதாக ஒன்றை வைக்கச் சொல்லிவிட்டு என்னோடு மேலே வந்தார். இரண்டாவது தடவை பாதியிலேயே என் கால் என்னைக் கேட்காமல் தரையில் ஊன்றிவிட்டது. "கால்!" என்று மேலிருந்து கத்தினார். அவர் குரலில் இருந்த ஆனந்தத்தை நான் மறக்க மாட்டேன்.

மூன்றாவது தடவை. கடைசி. கீழே சின்னவள் கையைப் பிசைந்துகொண்டு நிற்கிறாள். கிளம்பினேன். பாதி வழி நன்றாகவே வந்தேன். மீதிப் பாதியைப் பற்றி என்னால் விவரமாக எழுத முடியாது, கண்ணை மூடிக்கொண்டுவிட்டேன். இரண்டு பிரேக்கையும் பிடித்தது நினைவிருக்கிறது, சைக்கிள் ஒரு சாண் அமுங்கி எழுந்தது நினைவிருக்கிறது. கண்ணைத் திறந்தால் சின்னவள் என் முன்சக்கரத்தருகே குனிந்து ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள். சக்கரத்துக்கு முன்னால், ஒரு மூலை மடங்காமல், குச்சி ஒன்று கலையாமல், முழுசாகத் தீப்பெட்டி! "பாஸ்! அப்பா பாஸ்!" என்று கத்தினாள். ரொட்டிக்கடைக்காரர் மேலிருந்து மெதுவாக இறங்கி வந்தார், பெட்டியைத் தூக்கிப் பார்த்தார், குலுக்கிப் பார்த்தார், கை கொடுத்தார். சைக்கிளை எங்கள் விலைக்கே கொடுத்தார், ஒரு ரொட்டியும் இலவசமாகக் கொடுத்தார். அறுபத்திரண்டு வயதில், முழங்கையில் ரத்தத்தோடு, நான் நேர்மையாகப் பாஸ் ஆனேன் மாப்பிள்ளை. பள்ளிக்கூடத்தில் பாஸ் ஆனபோது கூட இவ்வளவு சந்தோஷம் இருந்ததில்லை.

வரும் வழியெல்லாம் சின்னவளுக்குப் புத்தி சொல்லிக்கொண்டே வந்தேன். பார்த்தாயா, மனசு ஒரு நிலையில் இருந்தால் தீப்பெட்டி நசுங்காது, அப்பா உன்னை ஃபெயில் ஆக்கியது உன் நன்மைக்குத்தான், எதையும் நேர்மையாக ஜெயித்தால்தான் ருசி என்றேன். "சரிப்பா" என்றாள். வழக்கமாக எதிர்வாதம் செய்கிற பெண், வீடு வரும் வரை "சரிப்பா, சரிப்பா" என்றே வந்தாள். எனக்கே பெருமையாக இருந்தது.

ஆகவே விஷயம் சுபம். போட்டிக்கு நீங்களும் பெரியவளும் கட்டாயம் வர வேண்டும், தங்கும் இடத்துக்குக் குறைவில்லை, துவைத்த துணிக்கும் குறைவில்லை. உங்கள் அத்தை விசாரித்ததாகச் சொல்லச் சொன்னாள். பெரியவளுக்கு என் அன்பு, குழந்தைக்கு இரண்டு கன்னத்திலும் முத்தம், பல்லுக்கு எட்டாத தூரத்திலிருந்து. நீங்கள் எல்லாரும் மேடு பள்ளம் பார்த்து, தேவையான இடத்தில் பிரேக் பிடித்து, நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் மாமா

பி.கு.: ஒட்டிய உறையைப் பிரித்து இதை எழுதுகிறேன். சற்று முன் துணி துவைக்க உட்கார்ந்தேன். அன்றைக்குச் சின்னவள் போட்டிருந்த சட்டையை முக்குவதற்கு முன் அதன் பையைத் துழாவினேன். உள்ளே ஒரு தீப்பெட்டி. தோசைக்கல்லில் வைத்து அழுத்தியது போல் தட்டையாக இருந்தது, அதன் மேல் அந்த டயரின் கட்டம் கட்டமான தடம். முதல் தடவை நசுங்கியதை ரொட்டிக்கடைக்காரர் கொண்டுபோய்விட்டார், இரண்டாவது தடவை நான் கோடு வரை போகவே இல்லை. நன்றாக யோசித்துப் பார்த்துவிட்டேன், வேறு கணக்கு வரவில்லை. மேலே "நேர்மையாக" என்ற சொல் மூன்று இடத்தில் வருகிறது. முதலாவதை விட்டுவிடுங்கள், அது உண்மை. மற்ற இரண்டையும் அடித்துவிட்டுப் படிக்கவும். முப்பத்தொரு வருஷத்தில் நான் ஒருவருக்கும் பொய்யாகப் பாஸ் போட்டதில்லை, இரண்டு தடவை ஃபெயில் ஆக்கிய மகள் எனக்குப் போட்டிருக்கிறாள். திருப்பிப் போடலாம் என்றால் எனக்கு இப்போது உத்தியோகமும் இல்லை. ரொட்டிக்கடைக்காரரிடம் போய் உண்மையைச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்து, கையைத் துடைத்து, சட்டையை மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தேன். அங்கே சின்னவள் உட்கார்ந்து, பல் தேய்க்கும் பிரஷ்ஷால் சைக்கிள் சங்கிலியைத் துடைத்துக்கொண்டே ஏதோ பாட்டு முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். "எங்க கிளம்பிட்டீங்க, அப்பா?" என்றாள். "சோப்பு வாங்க" என்றேன். வீட்டில் சோப்பு ஆறு கட்டி இருக்கிறது மாப்பிள்ளை, ஏழாவதாக ஒன்று வாங்கிக்கொண்டு திரும்பிவிட்டேன்.