மாமனாரைத் தூக்கி நிறுத்தினேன்

வயதானவர்கள் விழுந்ததை ஒப்புக்கொள்ளவே மாட்டார்கள். என் மாமனார் இதில் கில்லாடி. கிணற்றடியில் வழுக்கி விழுந்து முட்டி பூசணிக்காயாக வீங்கியிருந்தபோதும், "விழல, சும்மா உக்காந்தேன்" என்றார்.

கட்டுப் போட்டவர் கறாராகச் சொன்னார்: "இன்னொரு தபா விழுந்தாருன்னா, நடக்கிறத மறந்துடணும்."

அது 1960களின் தொடக்கம். நான் திருவண்ணாமலைக்குப் புது மாப்பிள்ளை. ("மெட்ராஸ் மாப்பிள்ளைக்கு வாய் ஜாஸ்தி, வேலை கம்மி" என்று வீட்டில் பேச்சு.) அந்தக் கெட்ட பெயரை மாற்ற இதைவிட நல்ல வாய்ப்பு ஏது? மாமனாரைக் காக்கும் பொறுப்பை நானே ஏற்றுக்கொண்டேன். கிணற்றடிப் பாசியைத் தேய்த்தேன். அவர் பிடித்து நடக்கக் கயிறு கட்டினேன். (அதில் மாமியார் புடவை காயப்போட்டார்.)

வீக்கம் வடிந்ததும், கிருத்திகையன்று கோயிலுக்குக் கிளம்பினோம். "மாப்பிள்ளை, அவரு விழுந்துடாம பாத்துக்கோங்க. உங்கள நம்பித்தான் அனுப்பறேன்" என்றார் மாமியார்.

கோயிலில் ஒரு தெரிந்த முகத்திடம் பேசிவிட்டுத் திரும்பினால், கொடிமரத்தின் முன் மாமனார் குப்புறக் கிடக்கிறார்!

அங்கே எல்லாரும் விழுந்துதான் கும்பிடுவார்கள் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். பொறுப்பு தலைக்கேறினால் புத்தி இறங்கிவிடுகிறது. "ஐயோ, விழுந்துட்டாரு!" என்று கத்திக்கொண்டு ஓடி, அவர் அக்குளில் கைகொடுத்துத் தூக்கினேன்.

"விடுங்க மாப்பிள்ளை, கும்பிடறேன்!"

"வெக்கப்படாதீங்க மாமா, வயசானா விழறது சகஜம்!"

அவர் தரையை விடவில்லை, நான் அவரை விடவில்லை. யாரோ சோடாவோடு ஓடிவந்தார். ஒருவழியாக அவரை நிறுத்திவிட்டுப் பெருமையோடு திரும்பியவன், விளக்கிலிருந்து சிந்திய எண்ணெயில் கால் வைத்தேன். நெடுஞ்சாண்கிடையாகப் போய் விழுந்தேன். கணுக்கால் மளுக்கென்றது.

தூக்க ஒருவரும் வரவில்லை. கூட்டம் மரியாதையாக விலகி நின்றது. நான் வலியில் முனக, "இன்னா பக்தி பாரு! அழுவுறாரு" என்று ஓர் அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

நான் கட்டிய கயிற்றைப் பிடித்துக்கொண்டு அந்த மாதம் முழுக்க நடந்தவன் நான்தான். பின்னாலேயே மாமனார், "மெதுவா மாப்பிள்ளை, மெதுவா" என்று வந்தார்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் யார் விழுந்தாலும் ஒரே கேள்விதான். போன வாரம் குளியலறையில் தடாலென்று சத்தம் கேட்டு, என் மகள் கதவைத் தட்டினாள்.

"அப்பா, விழுந்தியா, கும்பிட்டியா?"

ஈரத் தரையில் மல்லாந்து கிடந்தபடியே சொன்னேன்: "சும்மா உக்காந்தேம்மா."