அன்னப் படகில் கச்சான்

கொழும்பில் வேலை செய்கிறவனுக்குக் கொழும்பு முழுவதும் தெரியும் என்று ஊரில் ஒரு நம்பிக்கை இருக்கிறது. அதைக் கெடுக்க எனக்கு ஒருபோதும் மனம் வந்ததில்லை. (உண்மையில் எனக்குத் தெரிந்தது நான் வேலை செய்த ஃபோன் கடையும், பக்கத்துச் சோத்துக்கடையும், புத்தளம் பஸ் நிற்கும் இடமும்தான்.)

அந்த ஆகஸ்ட் விடுமுறையில் ஸ்டெல்லா தன் அப்பா அம்மாவுடன் கற்பிட்டியிலிருந்து கொழும்பு பார்க்க வந்தாள். பெயருக்குத்தான் சுற்றுலா. அவளை எனக்குத் தருவதா இல்லையா என்பதை அவளுடைய அப்பா அன்றைக்கு முடிவு செய்யப் போகிறார் என்று எங்கள் இருவருக்கும் தெரியும். அந்தோனி மாமா வாழ்நாள் முழுக்கக் கடலுக்குப் போனவர். நானோ பாலாவிச் சந்தியில் லொறிப் புகையில் வளர்ந்தவன். கடலில் முழங்காலுக்கு மேல் நனைந்ததில்லை. அப்படியிருந்தும் மாமாவின் மனதைத் தண்ணீரிலேயே பிடித்துவிடலாம் என்று, புத்தியுள்ள எவனும் நினைக்காததை நினைத்தேன். நகர நடுவிலுள்ள பேர வாவியில் காலால் மிதித்து ஓட்டும் அன்னப் படகு ஒன்றை எடுத்தேன்.

மாமா சிலுவை அடையாளம் போட்டு, வாவித் தண்ணீரைத் தொட்டு அன்னத்தின் கழுத்தில் தெளித்துவிட்டு ஏறினார். கரையில் ஸ்டெல்லாவோடு நின்ற மாமி எங்கள் செருப்புகளைக் காவல் காத்தபடி செபமாலையைக் கையில் எடுத்தார். சுக்கான் என்னிடம். நடு வாவி வரை நன்றாகவே போனோம். உயரமான கட்டடங்களைக் காட்டி, வாயில் வந்த பெயர்களை எல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். மாமா வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, கச்சான் வருது," என்றார்.

கடலுக்குப் போகிறவர்களுக்குக் கச்சான் என்றால் தென்மேற்கிலிருந்து அடிக்கும் காற்று. பாலாவியில் கச்சான் என்றால் பஸ்ஸில் ஏறி விற்கிற வறுத்த கடலை. அதற்கு இன்னொரு அர்த்தம் இருப்பதே எனக்குத் தெரியாது. மாமா வாய் திறந்து ஒன்று கேட்டுவிட்டாரே என்று உச்சி குளிர்ந்து போய், மிதிப்பதை நிறுத்தி, சுக்கானையும் விட்டுவிட்டுக் காசுக்குப் பையைத் தடவினேன்.

"எங்க மாமா? உப்புப் போட்டதா, காரமா?"

அதற்குள் காற்று வந்துவிட்டது. அன்னம் ஒரு சுற்றுச் சுற்றி, பின்பக்கமாகவே போய்க் கரையோரப் பாசிக்குள் குந்திக்கொண்டது. மாமா சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கி, இடுப்பளவு பச்சைத் தண்ணீரில் நின்று, என்னையும் அன்னத்தையும் சேர்த்துக் கரைக்குத் தள்ளினார். பார்த்து நின்றவர்கள் ஃபோனில் படம் எடுத்தார்கள். ஸ்டெல்லாவும் எடுத்தாள்.

பின்னேரம் காலிமுகத்திடலில் இறால் வடை வாங்கிக் கொடுத்தேன். வடையில் ஒட்டியிருந்த இறாலை மாமா திருப்பித் திருப்பிப் பார்த்தார். இந்தச் சைஸை எங்கள் பக்கம் தூண்டிலில் இரையாகப் போடுவோம் என்று மட்டும் சொன்னார். என் கல்யாணம் அந்த வடையோடு சரி என்று நினைத்தேன்.

பிறகு கடலைப் பார்த்தபடியே மாமியிடம் சொன்னார்: "கச்சானெண்டா கடலை தேடுற ஆள் ஒருநாளும் கடலுக்குப் போகமாட்டார். என்ர பிள்ளை உன்னைப்போல கரையில நிண்டு செபமாலை உருட்டத் தேவையில்ல. குடுப்பம்."

மாமி அழுதுவிட்டார். எனக்கும் கண் கலங்கியது. (வடை காரம் என்று சமாளித்தேன்.)

இப்போதும் ஒவ்வொரு வருடமும் அந்தக் காற்று தொடங்கும் நாளில் கற்பிட்டியிலிருந்து ஃபோன் வரும். சுகம் விசாரிப்பதெல்லாம் கிடையாது.

"மருமகன், கச்சான் தொடங்கிட்டு. உப்புப் போட்டதா, காரமா?"