மலையாண்டி உடம்புக்கு ஒன்றுமில்லை

கண்டரமாணிக்கத்தில் இருக்கும் மரியாதைக்குரிய சம்பந்தி குழந்தைவேலு அவர்களுக்கு, காரைக்குடியிலிருந்து பெத்தன் கும்பிட்டுச் சொல்லி எழுதுவிப்பது. இங்கு நானும் என் மகள் மீனம்மாளும் ஆட்டுக்குட்டியும் நலம். உங்கள் மகன் அழகுசுந்தரத்தை மட்டும் அந்த வரியில் சேர்க்க வேண்டாம் என்று, இதை எழுதித் தரும் ஜவுளிக்கடை ஜெய்னுலாபுதீனிடம் சொல்லிவிட்டேன். காரணம் பின்னால் வருகிறது.

தனுஷ்கோடியைக் கடல் கொண்டுபோன மார்கழிக்கு அடுத்த தையில், இந்தி வேண்டாமென்று பிள்ளைகள் ரோட்டில் இறங்கி பஸ்ஸெல்லாம் நின்றுபோன வாரத்தில், நம் வீட்டுக் கல்யாணம் நடந்தது. நீங்க மாட்டு வண்டியில வந்தீக. இடுப்பைப் பிடிச்சுக்கிட்டே எறங்கி, "பையனுக்கு மில்லுல வேலை"ன்னு சொன்னீக. பதிலி வேலைன்னு எங்க மாமன் ஒருத்தரு சொல்லித்தான் எனக்குத் தெரியும். கேட்டதுக்கு, "ஆறு மாசத்துல நிரந்தரமாயிரும்"னீக. அதுக்கப்புறம் ஆட்சியே மாறிருச்சு, உங்க மகன் வேலை மாறலை.

பதிலின்னா என்னன்னு நீங்களும் தெரிஞ்சுக்கிறணும். விடியக்காலம் சங்கு ஊதையில மில்லு கேட்டுக்கு வெளிய நிக்கணும். உள்ள இருக்க நிரந்தரக்காரன் எவனாச்சும் வரலைன்னா மேஸ்திரி வந்து விரலை நீட்டி, "நீ வா"ம்பாரு. எல்லாரும் வந்துட்டா, "போங்கப்பா"ம்பாரு. ஊர்ல எவனுக்காவது வயிறு கலங்குனாத்தான் நம்ம வீட்டுல உலை கொதிக்கும். இதுல மாப்பிள்ளை நிக்கிறது மலையாண்டிங்கிறவன் மெசினுக்கு. அந்த மலையாண்டிய நீங்க பாக்கணும், தேக்குக் கதவு மாதிரி ஆளு. மழையில நனைஞ்சா அவனுக்குத் தும்மல் வராது, மழைக்குத்தான் வரும். மாப்பிள்ளை சாயங்காலமானா அவன் வீட்டுக்குப் போயி, "அண்ணே, தூக்கமெல்லாம் எப்படி, நெஞ்சுல சளி கிளி இருக்கா"ன்னு கேக்குறது. அவன் பெண்டாட்டி சோணையம்மாளுக்குக் கண்ணு கலங்கிப் போகும். "கூடப் பொறந்தவன்கூட இப்பிடி வந்து விசாரிக்கிறதில்ல தம்பி"ன்னு பணியாரம் சுட்டுக் குடுப்பா. இவரு அதைத் தின்னுட்டு வந்து நம்ம வீட்டுல அழுவாரு. "நல்ல மனுசக மாமா, அவுகளுக்கு ஒரு சின்னக் காய்ச்சல் வந்தாப் போதும் மாமா"ன்னு. பிள்ளையார்பட்டிக்கு நடந்தே போயி வேண்டிக்கிட்டாரு, உசுருக்குச் சேதமில்லாம, இருமல் இல்லாம, காய்ச்சல் மட்டும்னு. சாமிகிட்ட இப்பிடிக் கத்திரிக்காய் பொறுக்குற மாதிரி வரம் பொறுக்குன ஆள நான் பாத்ததில்லை.

நல்லா இருந்த மலையாண்டி, நாள் தவறாம விசாரிச்சதுல பயந்துபோயி, கண்ணாடியில நாக்கை நீட்டிப் பாக்க ஆரம்பிச்சு, கடைசியில நெசமாவே படுத்துட்டான். மேஸ்திரி விரலை நீட்டுனாரு, மாப்பிள்ளை உள்ள போனாரு. இனியாச்சும் இவருக்குச் சோறு எறங்கும்னு பாத்தா, தன்னாலதான் அவன் படுத்தான்னு ஒரு உறுத்தல், அவன் எந்திரிச்சிட்டா நம்ம பொழப்பு என்னாகும்னு ஒரு திகில். ஒரு மனசு ரசம் கொண்டுபோகச் சொல்லுது, இன்னொரு மனசு அதுல மிளகு போடாதங்குது. மிளகு போட்டுத்தான் கொண்டுபோனாரு, உங்க வளர்ப்ப நான் குறை சொல்லலை. ஆனா ரசத்த ஊட்டிட்டு ஓடி வர்றதுக்குள்ள சங்கு ஊதிருச்சு. இவருக்குப் பதிலா வேற ஒருத்தன உள்ள எடுத்துட்டாக. பதிலிக்குப் பதிலி. மறுநா அந்த ரசத்துலயே மலையாண்டி எந்திரிச்சு வேலைக்கு வந்துட்டான்.

அதுலேர்ந்து மாப்பிள்ளை புத்தி அங்குட்டே கேட்டுல நின்னுபோச்சு. சாப்பிடக் கூப்பிட்டா, "இருக்கேன் மேஸ்திரி"ங்கிறாரு. குளிக்கப் போனா பாதியில ஓடி வந்து, "யாராச்சும் கூப்பிட்டாகளா"ங்கிறாரு. இழவு வீட்டுல போயி, "இவுக எந்த ஷிப்டு"ன்னு கேக்குறாரு. ரோட்டுல ஒருத்தன் பஸ்ஸை நிப்பாட்டக் கைய நீட்டுனதுக்கு, இவரு ஏறி தேவகோட்டை வரைக்கும் போயிட்டாரு. ஆவணியில எங்க பங்காளி வீட்டுக் கல்யாணம். மாப்பிள்ளைப் பையன் குளிச்சுட்டு வர நேரமாகிப்போச்சு. ஐயரு, "முகூர்த்தம் போகுது, மாப்பிள்ளை வரலையா"ன்னு சத்தம் போட்டாரு. பந்தக்கால ஒட்டி நின்ன உங்க மகன் துண்டை ஒதறி இடுப்புல கட்டிக்கிட்டு விறுவிறுன்னு மணவறைக்குப் போயி, "ஆளு வரலைன்னா நான் நிக்கிறேங்க"ன்னாரு. ஐயரு ஏற எறங்கப் பாத்து, "நீ யாரப்பா"ன்னாரு.

"பதிலிங்க."

பந்தலே சிரிச்சுச்சு. மீனம்மாளும் சிரிச்சா. வீட்டுக்கு வந்தப்புறம், "அப்பா, அவுக வீட்டுக்குள்ள உக்காந்திருக்கையிலயும் எதுக்கோ வெளிய நிக்கிற மாதிரியே இருக்காக. நான் பேசுனா காது கேக்க மாட்டேங்குது. எனக்குப் பயமா இருக்கு"ன்னா. இதை எழுத வேணுமான்னு ஜெய்னுலாபுதீன் கேட்டாரு. எழுதுங்கன்னுட்டேன்.

ஆகையால வர்ற வெள்ளிக்கிழமை தவறாம வந்து உங்க மகனையும் என் மகளையும் ஊருக்குக் கூட்டிக்கிட்டுப் போங்க. கண்மாய்க்குக் கீழ உங்களுக்கு இருக்க வயலு சின்னதுதான், இருந்தாலும் "இன்னைக்கு நீ வேணாம், போ"ன்னு அது சொல்லாது. வேலையே இல்லைன்னா மனுசன் அழுதுட்டாச்சும் தூங்கிருவான். வருமோ வராதோன்னு நாள் முச்சூடும் நின்னா வயித்தோட புத்தியும் சேந்து காஞ்சிரும். இந்த மில்லு வாசப்படி நம்ம சனத்துக்கே ஆகாது. எங்க குடும்பத்துல இனி ஒருத்தரும் அதை மிதிக்கிறதில்லைன்னு முடிவு பண்ணிட்டேன்.

சம்பந்தியம்மாளுக்கு என் கும்பிடு. உங்க மாடு கண்ணு, கோழி குஞ்சு, மனுச மக்க எல்லாரும் நோய்நொடியில்லாம நெடுநாள் இருக்கணும். மலையாண்டியையும் சேத்துத்தான் சொல்றேன்.

இப்படிக்கு,
பெத்தன், கைநாட்டு.

பின்குறிப்பு: கடுதாசிய ஒட்டுறதுக்குள்ள மேஸ்திரி அனுப்புன ஆளு கடைக்கே வந்துட்டான். மில்லு வாட்ச்மேனுக்குக் கால்ல சுளுக்காம். அவரு வர்ற வரைக்கும் கேட்டுல உக்கார ஒரு வயசாளி வேணுமாம். காக்கிச் சட்டை குடுக்குறாக, அளவு சரியா இருக்கு. அதனால வெள்ளிக்கிழமை நீங்க வர வேணாம். மாப்பிள்ளை இங்குட்டே இருக்கட்டும், எனக்கு மத்தியானச் சோறு கொண்டுவர ஆளு வேணும். சுளுக்கு அவ்வளவு லேசுல சரியாகாதுன்னு ஜெய்னுலாபுதீன் சொல்றாரு, தங்கமான மனுசன். ஒரே ஒரு சங்கடம். இந்த எடத்துக்கு எனக்கு முன்னாலயே மேஸ்திரிகிட்ட சொல்லி வச்ச வயசாளிக சில பேரு உண்டு. ஒருத்தரு புயல் வருசமே போயிட்டாரு, இன்னொருத்தரு எலக்சன் அன்னைக்கு ஓட்டுப் போட்டுட்டு வந்து படுத்தவரு எந்திரிக்கலை, மூணாமவரு போன பங்குனியில. மிச்சமிருக்கவரு உங்க பக்கம் நெற்குப்பையில மக வீட்டுல இருக்காரு, சேதி தெரிஞ்சா கெளம்பி வந்துருவாரு. நீங்க சும்மா அந்தப் பக்கம் போற மாதிரி போயி, நடக்குறாரா, நடந்தா மூச்சு வாங்குதான்னு பாத்து உடனே ஒரு கார்டு போடுங்க. இன்னும் உசுரோட இருக்கது அவரு ஒருத்தருதான், பேரு சின்னக்கருப்பு.