உள்பையில் நடந்தவர்

இனி உயிரே போனாலும் ஞாயிற்றுக்கிழமைத் தூக்கத்தை யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை என்று தையல்காரர் முடிவெடுத்தது ஒரு வியாழக்கிழமை. வெள்ளிக்கிழமை சாயங்காலமே மனைவி ஒரு படிவத்தோடு வீட்டுக்கு வந்துவிட்டாள்.

அவர் கேட்டது பெரிய வரம் ஒன்றும் இல்லை. வாரத்தில் ஆறு நாள் வெட்டு மேசைக்கு முன்னால் நின்றபடியே வேலை. ஊரில் உள்ள இடுப்பையெல்லாம் அளந்து, "போன வருஷம் தைச்சது, இப்ப பிடிக்குதே" என்று வருகிறவர்களிடம், "துணி அப்படியேதான் சார் இருக்கு" என்று மனம் நோகாமல் உண்மையைச் சொல்லி அனுப்பவேண்டும். ஏழாம் நாள் ஒன்பது மணிவரை தூங்குவார். மனைவி வழக்கம்போல ஐந்து மணிக்கே எழுந்துவிடுவாள். அவள் அறையைவிட்டு வெளியே போகும்போது போர்வைக்குள்ளிருந்து ஒரு குரல் வரும்.

"கதவை மெதுவா சாத்திட்டுப் போ. நான் தூங்கணும்."

இருபத்திரண்டு வருடமாக இதே வாக்கியம். கல்யாணமான புதிதில் கடைசியில் ஒரு "ம்மா" இருந்தது. நாளடைவில் அதுவும் தேய்ந்துவிட்டது.

வினை அவருடைய கால்சட்டை வழியாக வந்தது. துவைத்த துணியை மடித்துக்கொண்டிருந்த மனைவி, இடுப்புப் பக்கம் திருப்பிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தாள்.

"என்னங்க, இதை மூணாவது தடவையா பிரிச்சு விட்டிருக்கீங்க?"

"துணி சுருங்கியிருக்கும்."

"ஊருக்கெல்லாம் துணி அப்படியேதான் இருக்குன்னு சொல்றீங்க. நம்ம வீட்டுத் துணி மட்டும் சுருங்குதா?"

தையல்காரர் ஊசியில் நூல் கோப்பதுபோல ஒரு கண்ணை மூடிக்கொண்டார். பதில் இல்லாதபோது அவர் செய்கிற காரியம் அது.

மனைவி ஒரு மருத்துவமனையில் டோக்கன் கொடுக்கிறவள். எத்தனை பெரிய மனிதர் வந்தாலும் அவளைத் தாண்டி ஒரு எண் முன்னால் போக முடியாது. அவள் கொண்டுவந்த படிவம், அந்த மருத்துவமனை ஏற்பாடு செய்திருந்த நடைச் சுற்றுலாவுக்கானது. ஞாயிறு முழுக்க ஏரியைச் சுற்றி நடக்கவேண்டும். நடுநடுவே மூச்சுப் பயிற்சி, புல்லில் வெறுங்கால் நடை, மத்தியானத்துக்கு மேல் மௌன நடை. எண்ணிக்கைக்கு ஆளுக்கொரு கைப்பட்டை. கையில் கட்டிக்கொண்டால் எத்தனை அடி நடந்தோம் என்று அதுவே எண்ணும். இரண்டு பட்டைகளையும் அவள் கையோடு வாங்கி வந்திருந்தாள்.

"நான் நின்னுக்கிட்டே வேலை பாக்கறவன். எனக்கு எதுக்கு நடை?"

"நிக்கறது நடையாகாது."

"ஞாயித்துக்கிழமை ஒருநாள்தான் நான் மனுஷன் மாதிரி இருக்கேன்."

"படுத்திருக்கீங்க. அதை இருக்கறதுன்னு சொல்லக்கூடாது."

பேரம் அரைமணி நேரம் நடந்தது. கடைசியில் மனைவி ஒரு இடத்தில் இறங்கிவந்தாள்.

"சரி. ஒரே ஒரு நாள். பட்டையில பத்தாயிரம் அடி காட்டட்டும். அப்புறம் நான் சாகறவரைக்கும் ஞாயித்துக்கிழமை நடங்கன்னு உங்களைச் சொல்ல மாட்டேன்."

"நிஜமாவா?"

"என் வாயால சொல்ல மாட்டேன்."

இந்த "என் வாயால" என்ற இடத்தில் தையல்காரர் கொஞ்சம் நிதானித்திருக்கலாம். துணியில் ஒரு நூல் விலகியிருந்தால் பத்தடி தூரத்திலிருந்தே கண்டுபிடிப்பார். வார்த்தையில் அந்தக் கண் அவருக்கு இல்லை.

மறுநாள் சனிக்கிழமை. வேலைக்குப் போகும் வழியில் மனைவி கடைக்கு வந்து தன் தோள்பையை மேசைமேல் வைத்தாள். "ஜிப் சிக்குது. பார்த்து வைங்க. நாளைக்கு இதைத்தான் எடுத்துக்கிட்டு வரணும்."

அவள் போன பிறகு ஜிப்பை நாலு தடவை இழுத்துப் பார்த்தார். வழுக்கிக்கொண்டு போனது. ஐந்தாம் தடவை இழுக்கும்போது அவருக்கு யோசனை வந்துவிட்டது. ஜிப்பை மறந்துபோனார்.

எந்தக் கஷ்டம் வந்தாலும் அவருக்குத் தெரிந்த ஒரே பரிகாரம் உள்பைதான். போன வருடம் டாக்டர் இனிப்பைத் தொடக்கூடாது என்றபோது, சட்டையின் உட்புறம் ஒரு ரகசியப் பை தைத்து அதில் மிட்டாய் வைத்திருந்தார். மனைவி கண்டுபிடிக்கவில்லை. எறும்பு கண்டுபிடித்து, வரிசையாக வந்து மனைவிக்குக் காட்டிக்கொடுத்தது. மிட்டாய் வைத்ததுதான் தப்பு, பையில் ஒரு குறையும் இல்லை என்பது இன்றுவரை அவர் கட்சி.

தோள்பையின் உள்துணியைப் பிரித்தார். அடிப்பக்கமாக, ஒரு பட்டை மட்டும் நுழைகிற அளவுக்கு, சின்னதாக ஒரு பை தைத்தார். வாயைத் தையலோரமாக மடித்துவிட்டார். எதிரே உட்கார்ந்து பார்த்தாலும் தெரியாது. திட்டம் இதுதான். காலையில் ஏரியை ஒரு சுற்று எல்லோரோடும் நடப்பது. மத்தியானம் மௌன நடையில் யாரும் பேசமாட்டார்கள், திரும்பிப் பார்க்கமாட்டார்கள். அப்போது பட்டையை மனைவியின் பைக்குள் போட்டுவிட்டு ஒதுங்கிவிடுவது. மீதி அடியை அவள் நடப்பாள். இல்லறம் என்றாலே ஒருவர் பாரத்தை ஒருவர் சுமப்பதுதானே.

ஞாயிறு ஐந்து மணிக்கு எழுப்பினாள். அந்த நேரத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இருப்பதே அவருக்குப் புதிய செய்தி.

"என்னங்க, இந்த வெயில் காலத்துல முழுக்கை சட்டை? பொத்தான் வேற போட்டிருக்கீங்க."

"வெயில் படக்கூடாதுன்னுதான்."

மனைவி அந்தச் சட்டைக்கையை ஒருமுறை பார்த்தாள். பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

ஏரி வாசலில் முப்பது பேர் நின்றார்கள். பாதிப்பேர் அவருடைய வாடிக்கைக்காரர்கள். மற்றவர்களுக்கு அவர்கள் வக்கீல், கணக்கர், பல் டாக்டர். தையல்காரருக்கு அவர்கள் முப்பத்தெட்டு, நாற்பது, நாற்பத்திரண்டு அங்குல இடுப்பு. நாற்பத்திரண்டு அவரைப் பார்த்ததும் வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டது. பயிற்சியாளர் குழந்தைக்குச் சோறூட்டுகிற குரலில் பேசும் பெண். அவருக்கு உதவியாக எதிர்வீட்டு விளையாட்டு டீச்சர் வந்திருந்தார். வரிசை கலையாமல் பார்த்துக்கொள்வது அவர் பொறுப்பு. கையில் பட்டை கிடையாது, கழுத்தில் ஒரு விசில் மட்டும்.

முதல் இரண்டு மணி நேரம் தையல்காரர் நியாயமாகத்தான் நடந்தார். மூச்சை இழுக்கச் சொன்னார்கள், இழுத்தார். விடச் சொன்னார்கள். விட்டது இருமலோடு வந்தது. வெறுங்காலோடு புல்லில் நிற்கச் சொல்லி, "பூமி உங்க களைப்பையெல்லாம் வாங்கிக்குது" என்றார் பயிற்சியாளர். தையல்காரரின் களைப்பை வாங்கிக்கொள்ள அந்தப் பூமி போதாது. பிறகு ஆளுக்கொரு மரத்தைக் கட்டிப்பிடிக்கச் சொன்னார்கள். அவர் பழக்கதோஷத்தில் சுற்றளவு பார்த்துவிட்டார். நாற்பத்தைந்து. அவரைவிட ஒரு அங்குலம் குறைவு. எண்பது வருடமாக ஒரே இடத்தில் நின்று தண்ணீரும் காற்றும் மட்டுமே எடுத்துக்கொண்ட மரத்துக்கே நாற்பத்தைந்து என்றால், தன்னை எதற்குக் குறை சொல்கிறார்கள் என்று அவருக்கு உண்மையிலேயே புரியவில்லை.

மத்தியானச் சாப்பாட்டுக்கு வேகவைத்த காய்கள். அதைச் சாப்பாடு என்று சொன்னவர் மேல் அவருக்குக் கோபம்கூட வரவில்லை. கோபப்படவும் தெம்பு வேண்டும். பட்டை ஆறாயிரம் சொச்சம் காட்டுவதாகப் பக்கத்தில் இருந்த நாற்பத்திரண்டு படித்துச் சொன்னது. தையல்காரர் கண்ணாடியைக் கடையிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார்.

"மௌன நடைக்கு முன்னாடி எல்லாருக்கும் ரெண்டு விஷயம் சொல்லணும்" என்று பயிற்சியாளர் கைதட்டினார்.

அதுதான் நேரம். எல்லோர் கண்ணும் முன்னால் இருந்தது. மனைவியின் பின்னால் நின்று, தண்ணீர் பாட்டிலை வைப்பதுபோலப் பைக்குள் கையை விட்டார். பட்டை உள்பைக்குள் போய்ப் படுத்தது. அவர் மெல்லப் பின்வாங்கி, பம்புசெட் அறைக்குப் பின்பக்கம் போய்விட்டார். முதல் விஷயம் யாரும் பேசக்கூடாது என்பது. அது காதில் விழுந்தது. இரண்டாவது விஷயம் விழவில்லை.

அங்கே ஒரு சிமென்ட் பெஞ்சு இருந்தது. நிழலும் இருந்தது. காலை நீட்டியதும் முட்டி இரண்டும் கும்பிட்டது. இழந்த தூக்கத்தைத் தவணை முறையில் வாங்க அவருக்குத் தெரியாது, மொத்தமாகவே தூங்கினார்.

நாலரை மணிக்கு விசில் சத்தம் எழுப்பியது. குழாயடியில் முகத்தையும் தலையையும் நன்றாக நனைத்துக்கொண்டு, கடைசித் திருப்பத்தில் வரிசையின் வாலில் ஒட்டிக்கொண்டார். மனைவி திரும்பிப் பார்த்தாள்.

"ரொம்ப வேர்த்திருக்கே."

"பின்னே? நடைன்னா சும்மாவா?"

"முகத்துல மட்டும் வேர்த்திருக்கு. காலர் காய்ஞ்சு கிடக்கு."

"நல்ல துணி. உடனே காஞ்சுடும்."

தண்ணீர் குடிக்கிற சாக்கில் பட்டையை மீட்டு, கையில் கட்டி, சட்டைக்கையை இழுத்துவிட்டுக்கொண்டார். பத்தாயிரத்தைத் தாண்டியிருந்தால் போதும். அடுத்த ஞாயிறு எந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுப்பது என்று யோசிக்க ஆரம்பித்தார்.

பயிற்சியாளர் ஒவ்வொருவர் பட்டையாகப் பார்த்து எழுதிக்கொண்டே வந்தார். தையல்காரர் கையைப் பார்த்தவர் இன்னொரு தடவை பார்த்தார். பிறகு எல்லோரையும் கூப்பிட்டார்.

"இருபத்தாறாயிரத்து நானூத்திப் பன்னிரண்டு."

அவ்வளவு பெரிய எண்ணைத் தையல்காரர் துணி மில்லில்தான் கேட்டிருக்கிறார்.

"அடுத்தபடியா இருக்கறவங்க பதினாலாயிரம்தான். நான் மத்தியானமே சொன்னேன் இல்லையா? இன்னிக்கு யார் அதிகம் நடக்கறாங்களோ, அவங்கதான் ஒரு வருஷத்துக்கு நம்ம ஞாயிறு நடைக் குழுவுக்குத் தலைவர். ஒவ்வொரு ஞாயிறும் காலையில அஞ்சரைக்கு ஏரி வாசல்ல அவர்தான் நமக்காகக் காத்திருப்பார்."

முப்பது பேரும் கைதட்டினார்கள். தையல்காரர் ஊசியில் நூல் கோப்பதுபோல ஒரு கண்ணை மூடினார். போதவில்லை. இரண்டையும் மூடினார்.

"அது வந்து மேடம், இந்த எண்ணிக்கையில ஒரு சின்ன..."

"நம்ம டெய்லர் விஷயத்துல எண்ணிக்கையைச் சந்தேகப்படவே வேண்டாம் மேடம்" என்று குறுக்கே புகுந்தது நாற்பத்திரண்டு. "பதினஞ்சு வருஷமா அவர்கிட்டதான் தைக்கிறேன். அளவுல நூல் பிசகாது."

முப்பத்தெட்டும் நாற்பதும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டின. தையல்காரர் திறந்த வாயை மூடிக்கொண்டார். அளவில் பொய் சொன்ன தையல்காரனிடம் எவன் துணி கொடுப்பான்? இருபத்தெட்டு வருடக் கத்தரி. உண்மையைச் சொன்னால் கடை போய்விடும், சொல்லாவிட்டால் ஞாயிறு போய்விடும். கழுத்தில் ஒரு விசிலை மாட்டிவிட்டார்கள். அதையும் தலை குனிந்து வாங்கிக்கொண்டார்.

பேருந்தில் ஜன்னலோரம் மனைவி உட்கார்ந்திருந்தாள். நாலு நிறுத்தம்வரை அவர் கழுத்து விசிலை உருட்டிக்கொண்டிருந்தார்.

"நீ எவ்வளவு நடந்தே?"

"பன்னிரண்டாயிரம்."

"அப்ப என்னோடது மட்டும் எப்படி..." என்று ஆரம்பித்துவிட்டு, எங்கே போய் முடியும் என்று தெரிந்ததும் நிறுத்தினார்.

"எனக்குத் தோள் வலிச்சுது" என்றாள் மனைவி. "மௌன நடை தொடங்கினதுமே பையை டீச்சர்கிட்ட குடுத்துட்டேன். பாவம், அவங்கதான் வரிசைக்கு முன்னாடியும் பின்னாடியும் மத்தியானம் முழுக்க ஓடிக்கிட்டே இருந்தாங்க. கடைசித் திருப்பத்துலதான் திரும்பி வாங்கினேன்."

தையல்காரர் மெதுவாகத் தலையைத் திருப்பினார்.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"இவ்வளவு நேரா உள்தையல் போட இந்த ஊர்ல வேற யாரு இருக்கா? எறும்பு வந்துதான் சொல்லணுமா?"

இன்னும் இரண்டு நிறுத்தம் போனது. அவருக்கு நேற்றைய காலை ஞாபகம் வந்தது.

"ஆமா, அந்த ஜிப்புல என்னதான் கோளாறு?"

"ஜிப்புல ஒண்ணுமில்லையே" என்றாள். குரலில் வெற்றியெல்லாம் இல்லை. நாள் முழுக்க டோக்கன் கொடுத்து முடித்த குரல்தான். ஜன்னலில் தலையைச் சாய்த்துக்கொண்டு கண்ணை மூடினாள். அவளும் களைத்துத்தான் போயிருந்தாள் என்பதும், அந்தக் களைப்பு இன்றைக்கு வந்தது இல்லை என்பதும் அவருக்கு அப்போதுதான் உறைத்தது. உறைத்து என்ன பண்ண? விசில் கழுத்தில் ஏறிவிட்டது.

"அப்ப வார்த்தை? ஞாயித்துக்கிழமை நடக்கச் சொல்ல மாட்டேன்னியே?"

"நான் எங்க சொன்னேன்? அவங்கதானே சொன்னாங்க" என்றாள் கண்ணைத் திறக்காமலே.

"சரி, நீயாவது கூட வருவே இல்ல?"

மனைவி ஜன்னல் பக்கமாக ஒருக்களித்துக்கொண்டாள். தூங்கிவிட்டாள் என்று நினைத்துக்கொண்டார். இப்போதெல்லாம் அவர் நினைப்பது எதுவும் நிஜமாவதில்லை.

அடுத்த ஞாயிறு ஐந்து மணிக்குக் கடிகாரம் அடித்தது. பக்கத்தில் அசைவில்லை. தையல்காரர் இருட்டில் தடவி, நாலாவது தடவையாகப் பிரிக்கவேண்டிய கால்சட்டையை மாட்டிக்கொண்டார். காபி போட்டுத் தர ஆள் இல்லை, அடுப்பங்கரையில் சர்க்கரை எங்கே இருக்கிறது என்றும் தெரியவில்லை. வெறும் தண்ணீரைக் குடித்தார். விசிலைத் தேடிக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, அறை வாசலைத் தாண்டும்போது போர்வைக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது.

"கதவை மெதுவா சாத்திட்டுப் போங்க. நான் தூங்கணும்."